சிவப்புத் திரை

யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. நீங்கள் விசாரணைக்கு வரச்சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து வெளியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் வரவேற்பறைப் பெண் குடிக்க மைலோ வேண்டுமா என்று கேட்டாள். விரதம் என்று சொன்னேன். சற்று நேரத்தில், நான் கேட்காமலே, ஒரு குவளை வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உலகம் இப்படிப்பட்ட சிறு காரியங்களில்தான் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். இனிச் சொல்லப்போவதை அந்த நம்பிக்கையோடு கேட்டீர்களானால் எனக்கு உதவியாக இருக்கும்.

கோத்தா திங்கிக்குப் பக்கத்தில் ஆற்றோரக் கிராமத்தில் தனியாக வாழ்ந்த அங்கம்மா என்ற மூதாட்டி இந்த மழைக்கால வெள்ளத்தில் இறந்துபோனார். அவருடைய டேப்லட் அன்று காலை ஏன் ‘காத்திருங்க, வந்துரும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது என்று கேட்கிறீர்கள். நான்தான் சொல்லவைத்தேன். அதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது.

என் பெயர் திவாகரன். ஜோகூர் பாருவில் ஒரு சிறிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறேன். குரலும் படமும் உடனுக்குடன் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்கான நூலகம் எங்களுடையது. எங்கள் தொழிலில் நூலகம் என்பது பிறர் தங்கள் செயலிக்குள் எடுத்துப் பொருத்திக்கொள்ளும் தயார்ப் பகுதி. அழைப்புப் பொத்தானை அவர்கள் வரைவார்கள். அதை அழுத்தியபின் நடப்பதெல்லாம் எங்கள் பொறுப்பு. அதற்குள் என் பொறுப்பு பிழைகள்.

அழைப்பு நல்லபடியாகப் போனால் நான் எழுதியதற்கு வேலையே இல்லை. போகாதபோதுதான் அது வாய் திறக்கும். இணையம் இல்லை, மறுமுனையில் கருவி அணைந்திருக்கிறது, மணி அடித்தும் யாரும் எடுக்கவில்லை, மணி அடிக்கும்போதே அவர் துண்டித்துவிட்டார் என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரோடு ஒரு விளக்க வாக்கியமும், மறுபடி முயல்வதில் பயன் உண்டா இல்லையா என்ற குறிப்பும் போகும். மேலே இருக்கும் செயலி அதை வாங்கி, அழைத்தவருக்குக் காட்டும். என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்வதுதான் பிழையின் கடமை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நெடுநாள் நானும் அப்படித்தான் எழுதினேன்.

ஆனால் சொற்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன. நான் கடுஞ்சொல் பேசுகிறவன் அல்ல. சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் யாராவது குறுக்கே வண்டியை நுழைத்தால் கையசைத்து வழிவிடுவேன். என் அம்மா அழைத்தால் பூசையில் இருந்தாலும் எடுத்துவிடுவேன். அவர்கள் அதிகம் அழைப்பதில்லை, அது வேறு. ஒரு நாள் எங்கள் நூலகம் முழுவதும் தேடி, ‘ஃபேட்டல்’, அதாவது சாவுக்குரிய, என்ற சொல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் எடுத்துவிட்டேன். ஓர் அழைப்பு போகவில்லை என்பதற்காக யாரும் செத்துப்போகவில்லையே என்று நினைத்தேன்.

எங்கள் குழுவில் லோஷினி என்று ஒரு பெண் இருந்தாள். நாங்கள் எழுதுவதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. என் மாற்றங்களைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

“அண்ணே, இது எர்ரர் மெசேஜா, தீபாவளி வாழ்த்தா? ‘சற்றே தாமதம், அன்புடன் காத்திருக்கவும்’னு போட்டிருக்கீங்க. சர்வரே படுத்திருக்கு லா.”

“படுத்திருக்குன்னு சொன்னா பயந்துருவாங்கம்மா.”

“பயப்படட்டும். பயந்தாதானே வேற வழி பார்ப்பாங்க.”

நான் சிரித்துக்கொண்டேன். சிறு பெண். வாழ்க்கையில் இன்னும் அடிபடவில்லை என்று நினைத்தேன்.

எங்கள் நூலகத்தைப் பயன்படுத்திய செயலிகளில் ஒன்று முதியவர்களுக்கானது. திரை முழுவதும் பிள்ளையின் முகம், கீழே ஒரே ஒரு பெரிய பச்சைப் பொத்தான். படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். நான் தொண்டு செய்யும் கோயில் சங்கம் நன்கொடை திரட்டி, பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அந்த டேப்லட்டுகளைக் கொடுத்தது. கோத்தா திங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் அன்னதானத்தின்போது நானே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் கொடுத்தேன். அங்குதான் அங்கம்மாவைப் பார்த்தேன்.

மெலிந்த உடம்பு. காலில் ரப்பர் செருப்பு. டேப்லட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதை ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, என் எதிரில் உட்கார்ந்து மகனை அழைத்தார். மணி அடித்தது. பிறகு டொக்கென்று ஒரு சத்தத்தோடு திரை சிவப்பாக மாறியது. அழைப்பு மறுக்கப்பட்டது என்று எழுத்து வந்தது. நான் எழுதிய வாக்கியம்தான் அது. இத்தனை வருடத்தில் ஒரு மனிதர் முகத்துக்கு நேரே அது வந்து நிற்பதை நான் பார்த்ததில்லை.

அங்கம்மா சிரித்தார்.

“எடுக்கலியாம்மா?” என்று கேட்டேன்.

“கட் பண்ணிட்டான் தம்பி. நல்லாருக்கான்.” டேப்லட்டைப் பைக்குள் போட்டுச் சுற்றினார். “சோறு நல்லாருந்துச்சு. ரசத்துலதான் கொஞ்சம் உப்பு தூக்கல். சமைச்சவன்கிட்ட சொல்லிறாத, பாவம்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு என்னோடு வந்தது. பெற்ற மகன் முகத்தில் அறைந்ததுபோல் துண்டிக்கிறான். இந்தத் தாய் மூன்றாம் மனிதன் முன்னால் அவனை விட்டுக்கொடுக்காமல் நல்லாருக்கான் என்கிறாள். ரசம் வைத்தவனுக்குக்கூட மனம் நோகக்கூடாது என்று நினைக்கிற ஓர் உயிர். அதற்குச் சிவப்பைக் காட்டியது என் கை. அன்று நான் சாப்பிடவில்லை.

மாற்றம் சிறியதுதான். துண்டித்துவிட்டார் என்ற காரணத்தை நூலகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெளியே ‘இணைப்பு தாமதமாகிறது, மறுபடி முயலலாம்’ என்று கொடுக்கும்படி செய்தேன். சிவப்புக்குப் பதிலாக ஓர் அகல்விளக்குப் படம். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒரு குரலும் வைக்கலாம் என்று செயலிக்காரர்களிடம் சொன்னேன். அவர்களிடம் நல்ல தமிழ்க் குரல் இல்லை. நானே பேசிக் கொடுத்தேன். இணைப்பு கொஞ்சம் மெதுவா இருக்கும்மா, காத்திருங்க, வந்துரும். நிதானமாக, ஒரு பிள்ளை அம்மாவிடம் சொல்வதுபோல. கேட்டவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

லோஷினிக்கு மட்டும் பிடிக்கவில்லை. “இது பொய்ண்ணே,” என்றாள்.

“யாருக்கும்மா நஷ்டம்?”

“எனக்குத் தெரியாது. அதான் பயமா இருக்கு. என்ன நடந்துச்சுன்னு சொல்றது நம்ம வேலை. அத வச்சு என்ன செய்யறதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும்.”

அந்த மாதம் எங்கள் பிழை எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. முதலாளி அதை எல்லாருக்கும் காட்டிப் பாராட்டினார். பெரியவர்கள் முன்பைவிட அதிகமாக அழைக்கிறார்கள் என்று செயலிக்காரர்களும் சொன்னார்கள். துண்டிக்கப்பட்டது தெரியாததால் திரும்பத் திரும்ப அழைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. நம்பிக்கையோடு அழைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மாலை ரூபேந்திரன் என்னைத் தேடிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அங்கம்மாவின் மகன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பாலம் தாண்டி மோட்டார்சைக்கிளில் நேரே வந்திருந்தார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாசலிலேயே நின்று அதைக் கழற்றி உதறி மடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் எதிர்பார்த்த முகம் அது இல்லை. பெரிய உடம்பு, சிரித்த கண்.

“நீங்கதானே அண்ணே அம்மா டேப்லட்ல பேசுற அந்தக் குரலு? பேசினதுமே கண்டுபிடிச்சிட்டேன். ரேடியோவுக்குப் போங்கண்ணே, இங்க ஏன் கம்ப்யூட்டர் தட்டிக்கிட்டு இருக்கீங்க?”

உட்காரச் சொன்னேன். பிரசாதம் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“ஒண்ணே ஒண்ணுதாண்ணே. நான் கட் பண்ணா அம்மாவுக்குச் செவப்பு வரணும். முன்ன வந்துச்சு, இப்ப விளக்கு வருது. அவங்க லைன் போகலேன்னு நெனச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டே இருக்காங்க.”

“ஏன் தம்பி கட் பண்றீங்க? ஒரு நிமிஷம் எடுத்துப் பேசினா என்ன?”

“வண்டியில இருப்பேண்ணே. தலைக்கு மேல கேமரா. போன காதுல வச்சா வார்னிங். கட் பண்றது ஒரு விரல் வேலை.” விரலை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். “இது எங்க அப்பா காலத்துப் பழக்கம். அவரும் சிங்கப்பூர்லதான் இருந்தாரு. எடுத்தா காசு ஏறும். அதனால அம்மா அடிப்பாங்க, அப்பா கட் பண்ணுவாரு. பார்த்துட்டேன், நல்லாருக்கேன்னு அர்த்தம். கட் வரலேன்னாதான் அம்மாவுக்குப் பயம். அப்பா செத்த அன்னிக்கு அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, கட்டே வரல.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“சும்மா நாளுன்னா பரவால்லண்ணே. மழை வருதுல்ல. தண்ணி ஏறுச்சுன்னா அம்மா அடிப்பாங்க. நான் கட் பண்ணா, லாரி ஓட்டுற மணியம் மாமாவுக்குச் சொல்லிட்டேன், தோட்டத்து லாரி வருது, கிளம்பிச் சந்திக்குப் போங்கன்னு அர்த்தம். கட் வரலேன்னா எனக்கு விஷயம் தெரியாது, லாரி வராது. அப்ப வீட்டவிட்டு எறங்கக் கூடாது. தனியா தண்ணிக்குள்ள நடந்து எங்கயாவது விழுந்துட்டா? அதனால வீட்டுலயே இருக்கணும், அப்புறமா மிஸ்டு கால் பார்த்துட்டு நான் வேற ஆள் அனுப்புவேன். போன வெள்ளத்துல அப்படித்தான் தப்பிச்சாங்க.”

“அவ்வளவு அவசரத்துல எடுத்தே சொல்லிரலாமே, தம்பி.”

“எடுத்தா பேசிக்கிட்டே நிப்பாங்கண்ணே. கோழிய என்னடா பண்றது, அரிசிய எங்கடா தூக்கி வைக்கிறதுன்னு. கட் பண்ணா உடனே கிளம்பிருவாங்க. அம்மாவ எனக்குத் தெரியாதா?”

பார்க்கிறேன் தம்பி என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெரிய, காய்த்துப்போன கைகள்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்று எல்லாம் புரிந்தது. சிவப்பு என்றால் லாரி வருகிறது. விளக்கு என்றால் வீட்டிலேயே இரு. இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

மறுநாள் லோஷினியிடம் சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அலமாக். அப்ப நம்ம எர்ரர்தான் அவங்களுக்குச் சேதி. அத நாம அழிச்சிட்டு உட்கார்ந்திருக்கோம்ணே.”

அவள் வேறு எதையும் தொடாமல் அந்த மாற்றத்தைச் செய்து முடித்தாள். துண்டித்தால் துண்டித்தார் என்றே போகும்படி, மறுபடி முயல்வதில் பயனில்லை என்ற குறிப்போடு. சோதித்துப் பார்த்து, எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பினாள். வேலை சுத்தமாக இருந்தது. நான் பாராட்டினேன். ரூபேந்திரனுக்கு, சரியாயிருச்சு தம்பி, இனிச் சிவப்பு வரும் என்று செய்தி அனுப்பினேன். கும்பிடும் கைப் படங்கள் ஐந்தாறு அனுப்பினார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேட வேண்டாம், சொல்கிறேன். எந்தக் கருவிக்கு எந்த அமைப்பு என்பதை எங்கள் சர்வரிலிருந்தே தனித்தனியாக மாற்றமுடியும். சோதனைக்காக வைத்திருக்கும் வசதி அது. அங்கம்மாவின் டேப்லட்டுக்கு மட்டும் பழைய விளக்கையும் குரலையும் திரும்ப வைத்தேன். ஒரே ஒரு வரி. காலைப் பூசை முடித்து, திருநீறு இட்டுக்கொண்டு, மனம் அமைதியாக இருந்தபோது செய்தேன். கோபத்தில் செய்யவில்லை.

நீங்கள் என் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒரு தாயும் மகனும் வாழ்நாள் முழுவதும் ஒரு டொக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாளுக்கு அது பழகிவிட்டது. பசித்தவன் பசிக்குப் பழகுவதுபோல. பழகிவிட்டதால் அது நல்லது என்று ஆகிவிடுமா? சிவப்பு வராவிட்டால் அவர் திரும்ப அழைப்பார். திரும்பத் திரும்ப அழைத்தால் ஒரு நாள் அந்த மகன் எடுத்தே ஆகவேண்டும். எடுத்தால் குரல் கேட்கும். ஒரு குரல் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நினைத்தேன்.

நடக்கவும் செய்தது. சில நாட்கள் கழித்துச் சர்வர் பதிவில் பார்த்தேன், ரூபேந்திரன் பல முறை துண்டித்தபின், சாப்பாட்டு இடைவேளையில் அவரே அம்மாவைத் திருப்பி அழைத்திருந்தார். நீண்ட பேச்சு. என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, அது எங்களாலும் கேட்கமுடியாதபடி பூட்டப்பட்டது. பேசினார்கள் என்பது மட்டும் தெரியும். அன்று மாலை கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன். லைன் சரியில்லடா என்று அம்மா அன்று சொன்னதாகவும், மழைக்காலம்தானே என்று தான் விட்டுவிட்டதாகவும் ரூபேந்திரன் பின்னால் சொன்னார்.

பிறகு அந்த மழை. நிற்காமல் பெய்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கோத்தா திங்கியில் ஆறு ஏறுகிறது என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. நாங்கள் கோயில் மண்டபத்தில் நிவாரண மையங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். எனக்குப் புளிச்சோறு பகுதி. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் ஊறுகாய்ப் பை கூடுதலாக வைத்தேன். குளிரில் நனைந்து வருகிறவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

என் கைப்பேசி பக்கத்தில் இருந்தது. அங்கம்மாவின் டேப்லட் என்ன சொல்கிறது என்று பார்ப்பது அப்போது எனக்குப் பழக்கமாகியிருந்தது. பொட்டலத்துக்கு நூல் சுற்றியபடி பார்த்தேன். அவர் அழைத்திருந்தார். மகன் துண்டித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைப்பு. மறுபடி துண்டிப்பு.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை இப்போது எல்லாரும் அறிவோம். முதல் அழைப்பைத் துண்டித்த கையோடு ரூபேந்திரன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய் மணியத்துக்குச் சொல்லியிருக்கிறார். மணியம் லாரியை எடுத்துக்கொண்டு சந்திக்கு வந்து நின்றிருக்கிறார். அங்கம்மா வீட்டிலிருந்து சந்திக்கு நடக்கும் தூரம்தான், அப்போது தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. அம்மா ஏன் இன்னும் அடிக்கிறார், கோழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ என்று ரூபேந்திரன் ஒவ்வொரு முறையும் அவசரமாகத் துண்டித்திருக்கிறார். கிளம்புங்க, கிளம்புங்க என்று அவர் சொல்லத் தெரிந்த வழி அது. ஒவ்வொரு முறையும் இங்கே விளக்கு எரிந்தது. காத்திருங்க, வந்துரும் என்று நான் சொன்னேன்.

மண்டபத்தில் இருந்தபோது எனக்கு லாரியைப் பற்றித் தெரியாது. ஆனால் லாரி வரும் என்பதுதான் துண்டிப்பின் அர்த்தம் என்று தெரியும். ஆறு ஏறுகிறது என்றும் தெரியும்.

அப்போது லோஷினி அழைத்தாள்.

“அண்ணே, எங்க இருக்கீங்க? கோத்தா திங்கியில ஒரு டேப்லட்ல இன்னும் பழைய விளக்கு ஓடுது. அந்தக் கிழவி. யார் வச்சது இத?”

“பொட்டலம் கட்டிக்கிட்டு இருக்கேன்மா. அப்புறம் பார்க்கலாம்.”

“அப்புறமாவா? அடிச்சுக்கிட்டே இருக்காங்கண்ணே. அவரு கட் பண்ணிக்கிட்டே இருக்காரு. நான் செவப்பப் போட்டுரவா? உங்க பேருல பூட்டியிருக்கு, நீங்க சரின்னு ஒரு தடவ அழுத்தணும்.”

என் கைப்பேசியில் அந்தக் கேள்வி வந்து நின்றது. மாற்றட்டுமா, வேண்டாமா. என் கையில் புளிச்சோற்றின் எண்ணெய் இருந்தது. துடைக்கத் துணியும் பக்கத்திலேயே இருந்தது.

“இரும்மா,” என்றேன். “இன்னும் ஒரு தடவ அடிக்கட்டும். இந்த மழையில, இந்த நேரத்துல, எந்த மகனும் எடுத்துருவான். எடுக்கட்டும்.”

“அண்ணே, நீங்க என்ன பேசுறீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?” என்று கேட்டாள். பக்கத்தில் ஒருவர் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தார், அவருக்கு எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்று பேச்சை முடித்துக்கொண்டேன்.

அவள் எங்கள் முதலாளியைத் தேடிப் பிடித்து, என் பூட்டைத் திறக்கவைத்து, சிவப்பைத் திரும்பப் போட்டாள். அதற்குள் அந்தப் பகுதியின் கைப்பேசிக் கோபுரம் நின்றுவிட்டது. மாற்றம் டேப்லட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ரூபேந்திரனே அழைத்தபோதும் போகவில்லை. அம்மா மற்றவர்களோடு நிவாரண மையமான பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார் என்று மணியம் நினைத்தார். தண்ணீர் லாரியின் சக்கரத்தை மூட ஆரம்பித்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் தேடிவிட்டு, படகு கிடைத்து அவர் திரும்பி வந்தபோது நேரமாகிவிட்டது.

அங்கம்மா மேசைமேல் நாற்காலியைப் போட்டு ஏறியிருக்கிறார். டேப்லட்டைப் பிளாஸ்டிக் பையோடு கூரைச் சட்டத்தில் கட்டியிருந்தார், அது நனையவே இல்லை. அவர் வீட்டைவிட்டு இறங்க முயலவில்லை. மகன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார். படகோடு மணியம் உள்ளே போனபோது, அந்தப் பைக்குள்ளிருந்து என் குரல் கேட்டதாகச் சொன்னார். இணைப்பே இல்லாதபோதும் டேப்லட் தானாக மறுபடி முயலும், ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் ஒலிக்கும். மறுபடி முயலலாம் என்று குறிப்பு வைத்தவன் நான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். சிவப்பின் அர்த்தம் தெரிந்தே அதை அவரிடமிருந்து எடுத்தேன். தண்ணீர் ஏறுவது தெரிந்தும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு மகன் தன் தாயின் அழைப்பை எடுக்க வேண்டும் என்று விரும்பினேன். அந்த விருப்பத்தில் தவறு இருந்ததாக இன்னும் என்னால் நினைக்க முடியவில்லை. அவரை நான் கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் சொல் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. ஆனால் நீங்களும் உங்கள் வேலையைச் செய்ய வேண்டுமே.

கருமக்கிரியைக்கு நான் போனேன். ரூபேந்திரன் மொட்டைத் தலையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவந்தார்.

“நான் கட் பண்ணேண்ணே. எத்தன தடவ கட் பண்ணேன். ஏண்ணே அம்மா கிளம்பல?”

“நெட்வொர்க்கு தம்பி,” என்றேன். “கோபுரம் போயிருச்சு. யார் மேலயும் தப்பில்ல.”

அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அசையாமல் நின்றேன். அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்கு அதைவிட நல்லதாக எதைச் சொல்லியிருக்க முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். லோஷினி அப்படி யோசிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, அவரைப் போய்ப் பார்த்து, நடந்ததை நடந்தபடி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். இளம் வயது. உண்மை எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் அவரை அழைக்கிறேன். தாயை இழந்தவர், ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசலாம் என்றுதான். மணி அடிக்கிறது. பிறகு திரை சிவப்பாகிவிடுகிறது. அவர் துண்டித்துவிட்டார் என்று எழுத்து வருகிறது. லோஷினி கடைசியாக அனுப்பிய பதிப்பில் ஏதோ பிழை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த நல்ல ஆள் யாராவது இருந்தால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.